மூன்று சகோதரர்களும் ஒரு சகோதரியும்: ஆன்ட்ரிமிலிருந்து இண்டியானா வரை ஒரு கென்னடி குடும்பத்தின் தடம்

பின்னணி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், தென்பகுதியில் உள்ள ஓர் ஊர் வரலாற்று மையத்தில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்குப் பழைய ஆவணங்களை எடுத்துக் கொடுப்பது, படிக்கச் சிரமமான கையெழுத்தைப் படித்துச் சொல்வது, அடுத்து எங்கே தேடலாம் என்று வழிகாட்டுவது, இவைதான் வேலை. அப்படி வந்த ஒரு குடும்பத்தின் தேடலை அவர்களுடைய அனுமதியோடு பதிவு செய்கிறேன். ஆட்களின் பெயர்களையும் கல்லறை இருக்கும் ஊரையும் சொல்லவில்லை. குடும்பப் பெயர் கென்னடி. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு உள்ள பெயர். அதை மறைத்தால் இந்த ஆய்வில் பாதி புரியாது.

வந்தவர் எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கூடவே அவருடைய அண்ணன் மகன். குடும்பத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில், இண்டியானாவுக்கு முதலில் வந்த முன்னோரின் கல் உடைந்து எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. புதுக் கல் வைக்க உறவினர்கள் பணம் சேர்த்திருந்தார்கள். அதில் பிறந்த இடம் என்று எதைப் பொறிப்பது என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த கேள்வி. "ஸ்காட்ஸ்-ஐரிஷ்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் எந்த ஊர், ஐயர்லாந்தில் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

கையில் இருந்தவை

ஒரு குடும்ப பைபிள். அதன் நடுப்பக்கங்களில் 1790-இல் நடந்த ஒரு திருமணமும், அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளைகளின் தேதிகளும் இருந்தன. கணவரின் பெற்றோர் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்புறம், உறவினர் ஒருவர் இணையத்தில் கட்டிய வம்ச மரம். அது இந்தக் குடும்பத்தைப் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் இருந்த ஒரு கென்னடியோடும், அங்கிருந்து ஜனாதிபதி ஜான் கென்னடியின் குடும்பத்தோடும் இணைத்திருந்தது. கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டிய ஒரு குலச்சின்னமும் இருந்தது: டால்பின் படம், கீழே கென்னடி என்று எழுத்து. ஸ்காட்லாந்துத் திருவிழாக் கடையில் வாங்கியது.

இவற்றோடு ஒரு வாய்மொழிக் கதை. "மூன்று சகோதரர்கள் ஐயர்லாந்திலிருந்து வந்தார்கள். ஒருவர் மேற்கே போனார், ஒருவர் இங்கே வந்தார், ஒருவர் தொலைந்து போனார்." இந்த மூன்று சகோதரர் கதையை அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் சொல்லும். அதனாலேயே பலர் அதைக் கேட்ட உடனே ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்கச் சொல்லவில்லை. யார் யாரிடம் கேட்டது என்ற விவரத்தோடு, சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைக்கச் சொன்னேன்.

ஜனாதிபதி உறவை மட்டும் அன்றே முடித்துவிட முடிந்தது. அவருடைய கொள்ளுத் தாத்தா பேட்ரிக் கென்னடி வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துக் கத்தோலிக்கர். பாஸ்டனுக்கு வந்தது 1840களின் கடைசியில். இந்தக் குடும்பமோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்க மண்ணில் திருமணம் செய்திருக்கிறது. டால்பின் சின்னம் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி குலச்சின்னம் என்பது குறிப்பிட்ட ஒரு நபருக்குச் சொந்தம். ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் உரிய சின்னம் என்று ஒன்று கிடையாது. சுவரில் மாட்டிக்கொள்ளலாம், சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

பெயர் எவ்வளவு சொல்லும்?

கென்னடி என்ற பெயருக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி வேர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், ஏர்ஷயரின் கேரிக் பகுதியில் கென்னடிகள் பெரிய நிலக்கிழார்கள்; கசில்லிஸ் பிரபுக்கள் அந்த வம்சம்தான். ஐயர்லாந்தின் டிப்பரேரியில் ஓ கென்னடி என்ற கேலிக் வம்சம் இருந்தது; அவர்கள் பிரையன் போரு அரசனின் உறவுக் கிளை. இந்த இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆகவே "ஐயர்லாந்திலிருந்து வந்த கென்னடி" என்று மட்டும் சொன்னால் அவர் ஸ்காட்லாந்துக்காரரா ஐரிஷ்காரரா என்று சொல்ல முடியாது. அமெரிக்க எழுத்தர்கள் காதில் விழுந்தபடி கனடி, கேனடே என்றெல்லாம் எழுதியதால் அட்டவணையில் தேடுவதும் சிக்கல்.

ஸ்காட்ஸ்-ஐரிஷ் என்று அமெரிக்காவில் அழைக்கப்படுகிறவர்கள், 17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியிலிருந்து வட ஐயர்லாந்தின் அல்ஸ்டருக்குக் குடியேறிய பிரெஸ்பிட்டீரியன் சபையினரின் (மூப்பர்கள் நடத்தும் புராட்டஸ்டன்ட் சபை) சந்ததியினர். 1606-இல் ஹாமில்டன், மான்ட்கோமரி ஆகியோர் டவுன் மாவட்டத்தில் தொடங்கிய தனியார் குடியேற்றம், 1610-ஐ ஒட்டி அரசே நடத்திய அல்ஸ்டர் குடியேற்றம், 1690களில் ஸ்காட்லாந்தைத் தாக்கிய பஞ்சம், இப்படி அலை அலையாகக் கடலைத் தாண்டினார்கள். தாண்டுவதும் பெரிய காரியமில்லை. இரு கரைகளுக்கும் இடையில் மிகக் குறுகிய இடத்தில் இருபது கிலோமீட்டர் அளவுதான். பிறகு 1718 முதல் 1775 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அல்ஸ்டரிலிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். குத்தகை உயர்வு, அரசின் சபையான ஆங்கிலிக்கன் சபைக்குக் கட்டவேண்டிய தசமபாகம், பொதுப் பதவிகளிலிருந்து பிரெஸ்பிட்டீரியன்களை விலக்கிய 1704-ஆம் ஆண்டுச் சட்டம், லினன் தொழிலின் சரிவுகள் எல்லாம் சேர்ந்த காரணம்.

அவர்களில் பெரும்பாலோர் ஃபிலடெல்ஃபியா, நியூ காசில் துறைமுகங்களில் இறங்கி, பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாகக் கரோலினாக்களுக்கு இறங்கிய பெரிய வண்டிப்பாதையைப் பிடித்தார்கள். இந்தச் சித்திரம் மிகப் பிரபலம் என்பதால் குடும்பங்கள் தங்கள் முன்னோரையும் தானாகவே அதில் பொருத்திவிடுகின்றன. அந்த இணைய மரமும் அதைத்தான் செய்திருந்தது.

முதல் முடிவு: ஐயர்லாந்தைத் தொடாமல் இருப்பது

ஆசிரியைக்கு உடனே பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும் என்று ஆசை. நான் தள்ளிப்போடச் சொன்னேன். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி, உயில்கள், ஆங்கிலிக்கன் சபையின் பாதிக்கும் மேற்பட்ட ஞானஸ்நானப் பதிவேடுகள் எல்லாம் போயின. பிரெஸ்பிட்டீரியன் சபைகளின் பதிவேடுகள் பெரும்பாலும் 1819-க்குப் பிறகுதான் ஒழுங்காகத் தொடங்குகின்றன. 18-ஆம் நூற்றாண்டுக்கு மிஞ்சியவை 1740-இன் புராட்டஸ்டன்ட் குடும்பத் தலைவர் பட்டியல், 1766-இன் மதவாரிக் கணக்கு போன்றவற்றின் அரைகுறைப் படிகள். அவற்றில் வயது இல்லை, உறவு இல்லை; வெறும் பெயரும் ஊரும். எந்த ஊர் என்று தெரியாமல் அங்கே போனால் கிடைக்கும் முதல் கென்னடியைத் தாத்தாவாக்கிக்கொள்ளத்தான் மனம் போகும்.

கப்பல் பட்டியலும் இல்லை. அமெரிக்க மத்திய அரசு பயணிகள் பட்டியல் கேட்கத் தொடங்கியது 1820-இல். அதற்கு முன் ஃபிலடெல்ஃபியாவில் பெயர் பதிந்து உறுதிமொழி எடுக்க வேண்டியவர்கள் ஜெர்மானியர் போன்ற அந்நியர்கள்தான். அல்ஸ்டர்காரர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். ஒரு பிரிட்டிஷ் நிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே இண்டியானாவிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போவது என்று முடிவு செய்தோம். இன்னொன்றும் சேர்த்துக்கொண்டோம்: கென்னடிகளை மட்டும் தேடாமல், அவர்களைச் சுற்றி இருந்தவர்களையும் குறித்து வைப்பது. பக்கத்து நிலத்துக்காரர், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவர், உயிலை நிறைவேற்றியவர், அதே சபையில் உட்கார்ந்தவர். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் தனியாக இடம்பெயர்வது அரிது. சபையாக, சம்பந்தி வீடுகளோடு, பழைய அண்டை வீட்டாரோடுதான் கிளம்பினார்கள்.

இண்டியானாவில் தெரிந்தது

1850-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான் அமெரிக்காவில் சுதந்திர மனிதர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த மாநிலத்தையும் எழுதிய முதல் கணக்கெடுப்பு. நம் முன்னோர் 1830களிலேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய பிள்ளைகள் 1850-இல் உயிரோடு இருந்தார்கள். எல்லோருக்கும் பிறந்த இடம் தெற்குக் கரோலினா. பென்சில்வேனியா எங்கும் இல்லை.

அவர் மத்திய அரசிடம் நிலம் வாங்கிய பதிவும் கிடைத்தது. அதே பிரிவிலும் அடுத்தடுத்த பிரிவுகளிலும் அதே சில ஆண்டுகளில் நிலம் வாங்கியவர்களை வரைபடத்தில் குறித்தபோது, பாதிக்கு மேல் தெற்குக் கரோலினாவின் செஸ்டர் மாவட்டத்துக்காரர்கள். எல்லோரும் ஒரே சபை: கோவெனன்டர்கள் என்று அழைக்கப்பட்ட சீர்திருத்த பிரெஸ்பிட்டீரியன்கள்.

இது பெரிய துப்பு. கோவெனன்டர்கள் பிரெஸ்பிட்டீரியன்களிலேயே ஒரு சிறு பிரிவு. சபைக்குத் தலைவர் கிறிஸ்து மட்டுமே, அரசன் அல்ல என்று 1638-இல் எடுத்த உறுதிமொழியை விடாமல் பிடித்துக்கொண்டு, 1680களில் ஸ்காட்லாந்தில் கொடிய வேட்டையைச் சந்தித்தவர்கள். 1690-இல் மற்றவர்கள் சமரசம் செய்தபோதும் சேராமல் நின்றவர்கள். தென்மேற்கு ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரும் காலோவேயும் அவர்களுடைய கோட்டை. 1800-இல் அமெரிக்காவில் இந்தச் சபை, அடிமைகளை வைத்திருப்பவருக்குத் திருவிருந்தில் இடமில்லை என்று முடிவெடுத்தது. தெற்குக் கரோலினாவின் கோவெனன்டர்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் கூட்டம் கூட்டமாக ஒஹையோ, இண்டியானா, இலினாய் பக்கம் நகர்ந்தார்கள். இண்டியானாவின் புளூமிங்டனிலும் இலினாயின் ஸ்பார்ட்டாவிலும் அப்படி உருவான சபைகள் இருந்தன. "நல்ல நிலம் தேடி வந்தார்" என்று மட்டுமே குடும்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செஸ்டர்: நிலம் பேசியது

செஸ்டர் தனி மாவட்டமானது 1785-இல். அதற்கு முந்தைய ஆவணங்கள் சார்ல்ஸ்டன் வழியாகப் போய் இப்போது கொலம்பியாவில் உள்ள மாநிலக் காப்பகத்தில் இருக்கின்றன. எனவே பிந்தைய ஆவணத்திலிருந்து முந்தையதை நோக்கித் தேடினோம். இண்டியானாவுக்குக் கிளம்பும் முன் நம் முன்னோர் தன் நிலத்தை விற்ற கிரயப் பத்திரம் செஸ்டரில் இருந்தது. அந்தக் காலத்துப் பத்திரங்களில் நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதுவது வழக்கம். அதில் இருந்த ஒரு வாக்கியம்தான் இந்த ஆய்வின் திருப்புமுனை: ராக்கி க்ரீக் நீர்ப்பகுதியில், தன் தந்தைக்கு அரசு மானியமாக அளித்த 350 ஏக்கரின் ஒரு பகுதி இது என்று எழுதியிருந்தது. பைபிள் சொல்லாத தந்தையின் பெயர் அங்கே கிடைத்தது.

ராக்கி க்ரீக் என்றதும் அடுத்துத் தேட வேண்டியது எங்கே என்பது தெளிவாகிவிட்டது. அல்ஸ்டரிலிருந்து ஒரு போதகரோடு வந்த கோவெனன்டர்கள் குடியேறிய இடம் அது. அல்ஸ்டரின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பாலிமீனா ஊருக்கு அருகே கெல்ஸ்வாட்டர் என்ற கோவெனன்டர் சபை. அதன் போதகர் வில்லியம் மார்ட்டின். 1770-ஐ ஒட்டி டொனெகல் பிரபுவின் பண்ணைகளில் பழைய குத்தகைகள் முடிந்து, புதுப்பிக்கப் பெரும் தொகை கேட்டார்கள். கொடுக்க முடியாதவர்களின் நிலம் கைமாறியது. "எஃகு இதயங்கள்" என்ற பெயரில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். 1772-இல் மார்ட்டின் தன் மக்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். லார்ன், பெல்ஃபாஸ்ட், நியூரி துறைமுகங்களிலிருந்து ஐந்து கப்பல்கள் சார்ல்ஸ்டனுக்குப் போயின. அவற்றில் ஒன்றில் பெரியம்மை கண்டதால் பயணிகளைக் கரைக்கு விடாமல் சல்லிவன் தீவருகே நிறுத்தி வைத்தார்கள்.

இங்கேதான் தெற்குக் கரோலினா மற்ற காலனிகளிலிருந்து வேறுபடுகிறது. வந்து சேர்ந்த புராட்டஸ்டன்ட் குடியேறிகள் இலவச நிலம் கேட்டு விண்ணப்பித்தபோது, ஆளுநர் அவையின் குறிப்பேட்டில் அவர்களுடைய பெயரும் ஏக்கர் கணக்கும், பல இடங்களில் வந்த கப்பலின் பெயரும் எழுதப்பட்டன. கப்பல் பட்டியல் இல்லாத காலத்தில் அதற்கு மிக நெருக்கமான பொருள் இது. அதில் நம் முன்னோரின் தந்தை இருந்தார், 1773-இன் தொடக்கத்தில், ஐந்து கப்பல்களில் ஒன்றின் பயணிகளோடு. எழுத்து கனடி என்று.

ஏக்கர் கணக்கு இன்னும் ஒரு செய்தி சொன்னது. குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், உடன் வந்த ஒவ்வொருவருக்கும் 50 என்பது விதி. 350 என்றால் தலைவரோடு ஐந்து பேர்: மனைவியும் நான்கு பிள்ளைகளும். 1790களில் செஸ்டரில் பதிவான அவருடைய உயிலில் மூன்று மகன்களும் ஒரு மகளும்தான் இருந்தார்கள். நிலப் பத்திரம், அவைக் குறிப்பு, உயில் மூன்றும் தனித்தனி இடத்தில், தனித்தனிக் காரணத்துக்காக எழுதப்பட்டவை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியபோதுதான் பென்சில்வேனியாக் கிளையை மரத்திலிருந்து வெட்டலாம் என்று முடிவெடுத்தோம்.

மூன்று சகோதரர்கள்

வாய்மொழிக் கதை ஏறக்குறைய உண்மை. சகோதரர்கள் தனியாக வரவில்லை. பெற்றோரோடு சிறுவர்களாக வந்தார்கள், அவ்வளவுதான்.

மூத்தவர் "மேற்கே போனவர்". இலினாயின் ராண்டால்ஃப் மாவட்டத்தில், 1832-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்கீழ், புரட்சிப் போரில் பணியாற்றியதற்காக விண்ணப்பித்திருந்தார். அந்த விண்ணப்பத்தில் நீதிமன்றம் கேட்ட முதல் கேள்வியே எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர் என்பதுதான். ஐயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், 1757-இல் என்று சத்தியம் செய்து சொல்லியிருந்தார். பிறந்த இடத்துக்கு நமக்குக் கிடைத்த ஒரே நேரடிச் சாட்சியம் இது. இரண்டாமவர்தான் ஆசிரியையின் முன்னோர்.

மூன்றாமவர் தொலைந்து போகவில்லை. செஸ்டரிலேயே இருந்தார். 1830 கணக்கெடுப்பில் அவர் வீட்டில் ஒன்பது அடிமைகள். அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் அவர்களுடைய முதற்பெயர்கள், கட்டில், கலப்பை, குதிரைகளுக்கு நடுவே, எதிரே விலையோடு. சபை முடிவை ஏற்காதவர் அவர். குடும்பம் அவரைத் தொலைத்தது என்பதைவிட, பேசுவதை நிறுத்தியது என்பது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆவணம் அவ்வளவு தூரம் சொல்லவில்லை, இது என் ஊகம்.

இதை என்ன செய்வது என்று குடும்பத்துக்குள் பேச்சு எழுந்தது. ஒரு உறவினர், நம் நேர்க்கிளை இல்லையே, விட்டுவிடலாமே என்றார். ஆசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த ஒன்பது பேருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களும் எங்காவது உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பார்கள்" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். 1870-க்கு முன் மத்தியக் கணக்கெடுப்புகளில் அடிமைகளின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. எஜமானரின் உயிலும் சொத்துப் பட்டியலும் கிரயப் பத்திரமும்தான் அவர்களுடைய சந்ததிக்குக் கிடைக்கும் வாசல். வெள்ளைக் குடும்பங்கள் தங்கள் பெட்டியில் இருக்கும் தாளை வெளியே எடுத்தால் ஒழிய அந்த வாசல் திறக்காது. சொத்துப் பட்டியலின் முழுப் படியையும், ஒன்பது பெயர்களைத் தனியாக எழுதிய தாளையும் செஸ்டர் பகுதி வரலாற்றுச் சேகரிப்புக்கு அனுப்புவது என்று முடிவானது.

சகோதரியின் வீட்டில் இருந்த தாள்

கெல்ஸ்வாட்டர் என்று இதுவரை நாம் சொன்னது, மார்ட்டினோடு வந்தவர்கள் என்ற அளவில்தான். ஐந்து கப்பல்களிலும் வந்த எல்லோரும் அந்த ஒரு சபை அல்ல. சாதாரண பிரெஸ்பிட்டீரியன்களும் ஆன்ட்ரிமின் பிற ஊர்க்காரர்களும் இருந்தார்கள். எனவே உயிலில் இருந்த மகளைப் பின்தொடர்ந்தோம். அவள் மணந்தது அதே கப்பலில் வந்த, பக்கத்து மானியத்துக்காரரின் மகனை. பெயர் மாறிவிட்டதால் கென்னடி என்று தேடிய எவர் கண்ணிலும் அவள் பட்டதில்லை.

அவளுடைய வழித்தோன்றல் ஒருவரைக் கண்டுபிடித்து எழுதினோம். அவர் வீட்டில் ஒரு மடித்த தாள் இருந்தது. புறப்படும் சபையினருக்கு, இவர்கள் நன்னடத்தை உள்ளவர்கள் என்று மூப்பர்கள் கையெழுத்திட்டுத் தரும் சான்று, 1772, கெல்ஸ்வாட்டர். மாமனார் மாமியார் பெயரில் இருந்தது, கென்னடிகளின் பெயரில் அல்ல. ஆனாலும் ஒரே கப்பல், அடுத்தடுத்த நிலம், ஒரே சபை, சம்பந்தம். கென்னடிகளும் கெல்ஸ்வாட்டர் வட்டாரத்தவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். "வாய்ப்பு மிக அதிகம்" என்ற சொற்களை அறிக்கையில் அப்படியே வைத்தோம்.

இப்போது ஐயர்லாந்து ஆவணங்களைத் திறந்தோம். 1740 பட்டியலில் ஆன்ட்ரிமில் ஒன்றுக்கு மேற்பட்ட கென்னடிகள் இருந்தார்கள். அவர்களில் நம்மவர் யார் என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு அந்தப் பக்கத்தில் கென்னடிகள் தொடர்ந்து இருந்ததைக் காட்டியது. நம் குடும்பம் கிளம்பி முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் பிந்தையது அது. அங்கே நிறுத்திக்கொண்டோம்.

மரபணுச் சோதனை

ஸ்காட்லாந்தா, டிப்பரேரியா என்ற கேள்விக்குத் தாள் பதில் சொல்லாது. ஒய் குரோமோசோம் தந்தையிலிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகும், குடும்பப் பெயரும் அப்படியே போவதால் இங்கே அது உதவும். ஆசிரியையிடம் ஒய் குரோமோசோம் கிடையாது. அண்ணன் மகன்தான் எச்சில் மாதிரி தர முடியும். பொதுவாக விளம்பரங்களில் வரும் மரபணுச் சோதனை இந்த வேலைக்குப் பயன்படாது. அது எல்லா முன்னோரிடமிருந்தும் வந்ததைக் கலந்து பார்ப்பது. தலைமுறைக்குத் தலைமுறை பாதி பாதியாகக் கரைவதால் 1772-ஐ எட்டும்போது மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

மாதிரி கொடுக்கும் முன் இருவரிடமும் வெளிப்படையாகப் பேசினேன். இடையில் எங்கோ ஒரு தத்து, ஒரு திருமணத்துக்கு வெளியே நடந்த பிறப்பு இருந்தால் கென்னடி அல்லாத முடிவு வரும். அது வந்தால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒய் குரோமோசோமின் 111 இடங்களை ஒப்பிட்டுப் பார்த்த முடிவில் நெருங்கிய பொருத்தம் ஒரு கென்னடியோடு. அவருடைய முன்னோர் 19-ஆம் நூற்றாண்டில் பாலிமீனா பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா போனவர். சற்றுத் தள்ளி ஏர்ஷயர் கென்னடி ஒருவர். டிப்பரேரி வேர் கொண்ட குழுவில் யாரும் பொருந்தவில்லை. இதிலிருந்து சொல்லக்கூடியது: இந்தக் குடும்பத்தின் ஆண்வழி, ஆன்ட்ரிம் கென்னடிகளோடும் ஏர்ஷயர் கென்னடி ஒருவரோடும் பொது மூதாதையைப் பகிர்கிறது. சொல்ல முடியாதது: அவர் எந்த ஊர், எந்த ஆண்டு கடலைத் தாண்டினார் என்பது. அந்தக் குறுகிய கடலில் ஆட்கள் இரண்டு பக்கமும் போய் வந்தார்கள். ஏர்ஷயர்க்காரரின் முன்னோரே ஆன்ட்ரிமிலிருந்து திரும்பியவராகவும் இருக்கலாம்.

கல்லில் எழுதியது

நான்கு யோசனைகள் வந்தன. இளைய உறவினர்கள் "ஏர்ஷயர், ஸ்காட்லாந்து" என்றும் டால்பினும் வேண்டும் என்றார்கள். சிலர் கெல்ஸ்வாட்டர் என்றார்கள். வெறும் ஐயர்லாந்து போதும் என்று ஒருவர். கடைசியில் முடிவானது: பிறப்பு சுமார் 1764, ஆன்ட்ரிம் மாவட்டம், ஐயர்லாந்து, பெற்றோருடன் தெற்குக் கரோலினா வந்தது 1772–73.

ஆன்ட்ரிம் என்பதற்கு அண்ணனின் சத்தியச் சாட்சியமும், சம்பந்தி வீட்டின் ஆன்ட்ரிம் சபைச் சான்றும் ஆதரவு. அண்ணன் பிறந்த மாவட்டத்தில்தான் தம்பியும் பிறந்தார் என்பது ஊகம்தான். ஆனால் 1757-இலும் 1772-இலும் குடும்பத்தின் தடம் ஒரே மாவட்டத்தைக் காட்டும்போது, இடையில் வேறெங்கோ போய் வந்தார்கள் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை. ஏர்ஷயருக்கு அந்த அளவு ஆதரவு கிடையாது. கல்லில் அடைப்புக்குறியோ கேள்விக்குறியோ போட முடியாது. அடுத்த தலைமுறை அதைத்தான் சான்றாக எடுத்துக்கொள்ளும். கெல்ஸ்வாட்டர், ஏர்ஷயர் பற்றிய வாதங்கள் எல்லாம், ஒவ்வொன்றும் எவ்வளவு உறுதி என்ற குறிப்போடு, எங்கள் மையத்தில் வைத்த அறிக்கையில் இருக்கின்றன.

அதன்பின்

கல் நட்டாயிற்று. இணைய மரத்தின் பென்சில்வேனியாக் கிளையை அதைக் கட்டிய உறவினரே நீக்கினார். ஆனால் அதற்குள் பலர் அதைத் தங்கள் மரங்களில் படியெடுத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆவணப் படிகளோடு எழுதிக்கொண்டிருக்கிறார். சிலர் திருத்தினார்கள், சிலர் ஜனாதிபதியை விட மனமில்லாமல் பதிலே போடவில்லை.

செஸ்டருக்கு அனுப்பிய ஒன்பது பெயர்களைப் பார்த்து ஒரு குடும்பம் தொடர்புகொண்டது. விடுதலைக்குப் பின் கென்னடி என்ற பெயரையே வைத்துக்கொண்ட கறுப்பினக் குடும்பம். அவர்களுடைய 1870 கணக்கெடுப்பில் இருக்கும் மூத்த பெண்மணியின் பெயரும் வயதும் பட்டியலில் உள்ள ஒரு சிறுமியோடு ஒத்துப்போகின்றன. உறுதி செய்ய, மூன்றாம் சகோதரரின் வாரிசுகளுக்குள் நடந்த பாகப்பிரிவினைத் தாள்களைப் பார்க்க வேண்டும். அந்தத் தேடல் செலவை ஆசிரியையின் குடும்பம் ஏற்றிருக்கிறது. தேடலை நடத்துவதும் முடிவுகளை வைத்துக்கொள்வதும் அந்தக் குடும்பம்.

அடுத்த முறை மாற்றுவது

இதுபோன்ற குடும்பம் இனி வந்தால், வரிசையை மாற்றுவேன். மகள்களின் கிளைகளை முதல் வாரத்திலேயே எழுதச் சொல்வேன். குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போகும் தேடல் பெண்களை வாசலிலேயே விட்டுவிடுகிறது. பைபிள், சபைச் சான்று, கடிதம் போன்றவை பல வீடுகளில் பெண்கள் வழியாகத்தான் இறங்கியிருக்கின்றன. இந்தக் குடும்பத்தின் ஐயர்லாந்து ஊரை நோக்கிக் காட்டிய ஒரே தாள், கென்னடி என்ற பெயரே இல்லாத வீட்டில் இருந்தது.

ஒய் சோதனைக்கு ஆளை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இந்தக் குடும்பத்தில் ஆண்வழியில் மிஞ்சியவர்கள் கொஞ்சம். வயதானவர் ஒருவர் போய்விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். சோதனை நிறுவனத்தின் தனியுரிமை விதிகளை உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், ஏனென்றால் அந்த மாதிரியில் இருப்பது அவருடைய உறவினர்களின் தகவலும்தான்.

கரோலினாவில் குடியேறிய ஸ்காட்ஸ்-ஐரிஷ் குடும்பம் என்றால், வண்டிப்பாதையை நம்பிப் பென்சில்வேனியாவில் தேடும் முன் ஆளுநர் அவைக் குறிப்பேட்டைப் பார்ப்பேன். இல்லை என்று உறுதியானால் வடக்கே போகலாம். பெல்ஃபாஸ்ட் காப்பகத்தில் பண்ணைக் குத்தகைத் தாள்கள் இன்னும் பார்க்கப்படாமல் இருக்கின்றன. 1770-ஐ ஒட்டி கெல்ஸ்வாட்டர் வட்டாரத்தில் குத்தகையை விட்டுக்கொடுத்த ஒரு கென்னடி அதில் இருந்தால், ஊரின் பெயரையே சொல்லிவிடலாம். அண்ணன் மகன் அந்தத் தாள்களின் பட்டியலைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். எந்தப் பண்ணை, எந்த ஆண்டுகள் என்று குறித்துக்கொண்டு, மாமனார் வீட்டின் பெயரையும் கூடவே சேர்த்துத் தேடுகிறார்.